மூச்சு வாங்கும் இடங்கள்

விரல்களைப் பியானோ கட்டைகளின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

தம்பி மூச்சை இழுக்க வேண்டும். கிளாரினெட்டுக்குள் அது போவதற்கு முன் உதட்டோரம் ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் பியானோ தொடங்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கிடையாது. தலையசைப்பதும் கிடையாது. முப்பது வருடமாக இப்படித்தான்.

இழுத்தான்.

தொடங்கினாள்.

மெதுவான பகுதி. மொத்தம் ஒரே பக்கம். அதில் முதல் இரண்டு வரிகளையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். பாளையங்கோட்டை வீட்டில், பதினாறு வயதில், அதை வாசித்து முடித்துவிட்டு வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, அக்காவின் முகத்தில் மிச்சக் காற்றை ஊதுவான். மூச்சு இன்னும் இருக்கிறதாம். அவ்வளவு திமிர்.

இந்தக் கொடைக்கானல் இசை முகாமுக்கு வந்து இன்று ஒன்பதாம் நாள். பத்து நாள் தங்கி, ஒரே ஒரு படைப்பைத் துவைத்துக் காயப்போட்டு, கடைசி நாள் மற்றவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். பெயர் கொடுத்தது தம்பி. அக்காவைக் கேட்கவே இல்லை.

முதல் நாள் அவன் இசைத்தாளில் ஒரு பென்சில் குறியும் இல்லை.

மூன்றாம் நாள் ஒன்று இருந்தது. முதல் வரியின் நடுவில், பென்சிலால், காற்புள்ளி போல ஒரு கீறல். இங்கே மூச்சு வாங்கிக்கொள் என்று ஊதுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்வது.

"மலைக்காத்துல்லா, அதான்," என்றான். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை.

ஐந்தாம் நாள் மூன்று.

நேற்று மத்தியானம் அவன் சாப்பிடப் போனபோது அவள் திருடியைப் போல அந்தத் தாளின் முன்னால் போய் நின்றாள். ஏழு.

மலைக்காற்றும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கிளம்பும் முன்பே தம்பி மனைவி போனில் சொல்லிவிட்டாள். அவன் நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. மாத்திரை அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். போனது திரும்பாது. வாத்தியத்தை வைத்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"மதினி, நான் சொன்னேன்னு காட்டிக்கிடாதீங்க. அக்காகூட கடைசியா ஒருவாட்டி வாசிச்சிட்டு வந்திருதேன்னு கெளம்புதாவ."

காட்டிக்கொள்ளவில்லை. அதைத் தவிர அவளால் ஆனது ஒன்றுமே இல்லை. வாய்விட்டுக் கேட்க முடியாது. ஊர் திரும்பலாம் என்று சொல்ல முடியாது. தன் மூச்சில் பாதியைப் பிடித்துக் கொடுக்கவும் முடியாது. தேவாலயத்தில் முப்பது வருடம் ஆர்கன் வாசித்த பத்து விரல்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

யோசித்து ஒன்று கண்டுபிடித்தாள்.

இன்று சற்று வேகமாக வாசித்தாள். வரி சீக்கிரம் முடிந்துவிட்டால் இருக்கிற காற்று போதுமே.

என்ன புத்திசாலித்தனம்!

வேகம் கூடியதும் அவனுக்குப் பழைய திமிர் வந்துவிட்டது. முதல் குறியில் நிற்காமல் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். நில்லுடா, நில்லுடா என்று மனதுக்குள் கத்திக்கொண்டே கூட ஓடினாள். இரண்டாம் வரி மேலே ஏறுகிற இடத்தில் நாதம் மெலிந்தது. பிறகு வெறும் காற்று. பிறகு அதுவும் இல்லை.

அவள் கையை எடுக்கவில்லை. அவன் வந்து சேரட்டும் என்று அதே இடத்தில் நின்று, அதே ஸ்வரங்களை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான்கு முறை. ஐந்து முறை. அவன் குனிந்து இருமிக்கொண்டிருந்தான்.

ஜன்னலோரம் நின்ற பயிற்சியாளர் கைதட்டி நிறுத்தினார். சென்னைக்காரர். நல்ல காது.

"பியானோ ஓடுது மேடம். அவரு பாவம், பின்னாடியே தொரத்திக்கிட்டு வர்றாரு."

"ஆமா சார். எந் தப்புதான்."

உண்மையிலேயே அவள் தப்புதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டீக்கு விட்டார்கள். அவள் டீயை வாங்கி, குடிக்காமல் செடியில் கொட்டினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஐஸ் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அறையில் அவன் மட்டும் இருந்தான். பியானோ பக்கத்தில் நின்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தான்.

"ஏங்க்கா அந்த ஓட்டம் ஓடுன? அவ ஒனக்கு போன் போட்டுட்டா, என்ன?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய தாளில் பென்சில் கீறல்கள்.

பியானோவுக்கு மூச்சு கிடையாது. அதன் தாளில் யாரும் இந்தக் குறியைப் போடுவதில்லை. அவன் போட்டிருந்தான். அவனுடைய தாளில் எங்கெங்கே இருந்ததோ, அங்கங்கே. இனி ஒளிக்க ஒன்றுமில்லை, அந்த இடங்களில் எனக்காக நில் என்று சொல்வதுபோல. அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏழு.

கடைசி வரியில் இன்னொன்று இருந்தது.

அங்கே கிளாரினெட் முடிந்துபோயிருக்கும். பியானோ மட்டும் தனியாகப் போகிற இடம் அது. அங்கே மூச்சு வாங்க அவளைத் தவிர யாரும் இல்லை.

மற்ற ஏழு குறிகளையும்விட அதை அழுத்திப் போட்டிருந்தான்.

பயிற்சியாளர் திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றார். அவள் விரல்களைக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மெதுவா இழுடா," என்றாள்.