கழன்ற செயின்

“கடைசி ஆளா வந்தா சைக்கிள வித்துப்போடுவேன்னு சத்தியம் செய்தது நீங்களாக்கும். பொறவு பேச்சு மாறப்பிடாது, கேட்டியளா?” என்றாள் ஷைலஜா, கணவனின் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிவிட்டபடியே.

“நான் எப்போ பேச்சு மாறியிருக்கேன்?” என்று முறைத்தார் சுயம்புலிங்கம்.

அவரிடம் உள்ள கஷ்டமே அதுதான். போன வாரம் சோறு பரிமாறும்போது அவள், “இந்த வயசுல காட்டுக்குள்ள சைக்கிள் ரேஸா? கடைசி ஆளாத்தான் வருவிய” என்று சிரித்துவிட, மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “அப்படி வந்தா, அய்யா சத்தியமா இந்த சைக்கிள வித்துப்போடுவேன்” என்று சொல்லிவிட்டார். தான் கும்பிடும் சாமியான அய்யாவின் பெயரைச் சொல்லிவிட்டால் அவருக்குச் சொன்னது சொன்னதுதான்.

மஸ்கட்டில் வேலை போய் ஊருக்கு வந்த பிறகு, ஒரு வருடம் போலக் கட்டிலில் மல்லாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர் அவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஷைலஜா, வேலைக்குப் போகும்போது பார்த்த அதே கோலத்தில்தான் திரும்பி வரும்போதும் பார்ப்பாள். ஒருநாள் மகனுடைய பழைய கியர் சைக்கிளைத் துடைக்க எடுத்தவர், அதில் ஏறி ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “பசிக்குது” என்றார். அன்றைக்குத்தான் அவர் பழைய மனிதரானார். அந்தச் சைக்கிள் போனால் திரும்பவும் கட்டில்தான். அது அவருக்கும் தெரியும்.

விசில் ஊதினார்கள். சிற்றாறு அணையைச் சுற்றி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் பந்தயம். ஆண், பெண், இளசு, கிழடு எல்லோருக்கும் ஒரே பந்தயம்தான். இலை உதிர்கிற மாதம் என்பதால் வேர் எது, குழி எது என்று தெரியாமல் சருகு மூடிக் கிடந்தது. முதல் ஏற்றத்திலேயே இளவட்டங்கள் சிட்டாய்ப் பறந்து மறைந்துவிட்டார்கள்.

சுயம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரே ஒரு பெண். அவளும் இறங்கி நின்று செயினை நோண்டிக்கொண்டிருந்தாள்.

‘அய்யா, காப்பாத்திட்டே!’ என்று மனதுக்குள் கும்பிட்டார். உடனே வெட்கமாகவும் இருந்தது. அடுத்தவள் செயின் கழன்றதற்கா சாமி கும்பிடுவது? சைக்கிளைத் திருப்பினார்.

“என்ன மக்களே, செயினா? தள்ளு, நான் மாட்டித் தாறேன்.”

“வேண்டாம் அங்கிள், நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க.”

“சின்னப் பிள்ள, ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது? பேரு என்ன?”

“அபிதா.”

“பயப்படாத. ஏத்தத்துல சின்ன கியருக்கு வா. எறக்கத்துல ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடி. எனக்க பின்னாலயே வந்தா போதும்.”

“சரி அங்கிள்” என்று அவள் பணிவாகத் தலையாட்டினாள்.

தண்ணீரை ஒட்டிய வளைவில் மறுபடியும் செயின் கழன்றது. மறுபடியும் அவர் நின்றார். “போங்க அங்கிள், உங்களுக்குப் பிந்தும்” என்று அவள் கெஞ்சாத குறைதான். அவர் கேட்கவில்லை. கையெல்லாம் கிரீஸோடு செயினை மாட்டிக் கொடுத்து, பையிலிருந்த கடலைமிட்டாயில் பாதியையும் ஒடித்துக் கொடுத்தார்.

கடைசி ஏற்றம் முடிந்ததும் பந்தல் தெரிந்தது. மற்ற எல்லோரும் போய்ச் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். சுயம்புலிங்கம் பிரேக்கைப் பிடித்தார். மகள் வயசுப் பிள்ளை. இத்தனை பேர் முன்னால் கடைசியாகப் போய் நின்றால் மனசு விட்டுப்போகும், அப்புறம் சைக்கிளையே தொடமாட்டாள். தன் சைக்கிளின் ஹேண்டிலை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“நீ முன்ன போ மக்களே. நான் மெதுவா வாறேன்.”

அபிதா பதறிப்போனாள். “ஐயோ, வேண்டாம் அங்கிள்!” என்றவள், சட்டென்று பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “கால் சுண்டி இழுக்குது. என்னால மிதிக்க ஆவாது. நீங்க போய் ஆளக் கூட்டிட்டு வாங்க!”

ஆள் அனுப்ப வேண்டுமே என்ற அவசரத்தில் அவர் மிதித்த மிதியில், முடிவுக் கோட்டைத் தாண்டியதே அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அபிதாவும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மைக் அலறியது. “கடைசி இடம், நம்ம அபிதா! போன வருஷம் கப் வாங்கின பிள்ளை. இந்த வருஷம் செயின் சதி செஞ்சிட்டுது!”

சுயம்புலிங்கத்தின் வாய் பிளந்தது. பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. “ஷைலஜா, கேட்டியா? போன வருஷத்து சாம்பியன நானாக்கும் முந்தினேன்!” என்றவர், டீ குடிப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் அதையே சொல்லத் தொடங்கினார்.

“போதும் பெருமை. சைக்கிள் தப்பிச்சுது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனாள் ஷைலஜா. அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்த அபிதாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“எனக்க வாய்க்கொழுப்புக்கு நீ கப்பை விட்டுத் தந்துட்டியே மக்களே. அந்த மனுசன எனக்குத் திரும்பத் தந்துட்டே.”

“கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தப்போ எனக்குச் சோறு ஊட்டின கையாக்கும் மாமி இது. நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனா?” என்று சிரித்தாள் அபிதா. “ஆனா அடுத்த வருஷம் வேற ஆளப் பாருங்க. நான் கஷ்டப்பட்டு செயினக் கழத்தக் கழத்த, மாமா நின்னு நின்னு மாட்டித் தந்துட்டாவல்லா!”