முதல் முகாம்

"முகாமுக்கு நான் போகலம்மா" என்றாள் சிட்டு, கழுத்தில் கட்டியிருந்த ஸ்கார்ஃபின் நுனியைக் கடித்துக்கொண்டே.

தையல்காரியின் கை அப்படியே நின்றது. மகள் சொல்லித்தந்த சதுர முடிச்சை அப்போதுதான் பாதி போட்டிருந்தாள். மிஷினில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு காலர் வைத்துவிடுவாள். இந்தக் கயிறு மட்டும் அவளுக்கு வசப்படாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

நீண்ட கூடத்தில் பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு கயிறு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து செய்கிற குட்டிச் சாரணர் வகுப்பு அது. நடத்துகிற அக்கா சாக்கட்டியால் தரையில் அம்புக்குறி போட்டு, வழி கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். ஏரிக்கரையில் கூடாரம், ஒரு ராத்திரி தங்கல், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு என்று முகாமைப் பற்றிச் சொன்னபோது முதலில் துள்ளிக் குதித்ததே சிட்டுதான் என்று வந்ததும் வராததுமாக அந்த அக்காதான் தையல்காரியிடம் சொன்னாள்.

ஏன் போக மாட்டாளாம் என்று தையல்காரி மெல்லக் கேட்டாள். இருட்டு என்றாள் சிட்டு. பூச்சி கடிக்கும் என்றாள். புது இடத்தில் தூக்கம் வராது என்றாள்.

முதல் ராத்திரி யாருக்குமே தூக்கம் வராது என்று ஒப்புக்கொண்டாள் அம்மா. பக்கத்தில் படுத்திருப்பவர்கள் புரள்வதுகூடக் காதில் விழும், வீட்டு நினைப்பு வந்து வந்து போகும் என்றாள். "அப்போ கண்ண மூடிக்கிட்டு நம்ம வீட்டுக்குள்ள நடந்து பாரு. வாசப்படி, செருப்பு விடுற இடம், அடுப்பு, நீ கிறுக்கி வச்ச செவுரு. ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டே போனா பாதியிலேயே தூங்கிடுவே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அப்படிப் படுத்திருக்கேன்."

சிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். முகாம் வருவதும் அடுத்த மாதம் இதே வகுப்பு நாளில்தான். "அன்னிக்கு உன்னைப் பாக்க முடியாதில்ல?"

இந்த ஒரு சனிக்கிழமையை நம்பித்தான் தையல்காரிக்கு மாதமே நகர்ந்தது. போகாதே, என்னோடு இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை மறுபேச்சுப் பேச மாட்டாள். வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு மகளின் தலைமுடியைக் கோதினாள்.

"நீ போயிட்டு வா. தீ எப்படி மூட்டினீங்க, யார் யார் குறட்டை விட்டாங்க, எல்லாத்தையும் எனக்கு வந்து சொல்லணும்."

"அதுக்கு அடுத்த மாசம் நீ இருப்பியா?"

"இருப்பேன்டி தங்கம். நான் எங்க போயிடப் போறேன்?"

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சிரித்தபடி இருந்ததால் அவளும் சிரித்தாள். சரி, போகிறேன் என்று தலையாட்டினாள்.

விளையாட்டும் முடிந்து வகுப்பு கலையும் நேரம், அக்கா விசில் ஊதினாள். பிள்ளைகள் இருவர் இருவராகக் கைகோர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் திரும்பி நின்று மூன்று விரலால் வணக்கம் வைத்தாள் சிட்டு. தையல்காரியும் விறைப்பாக நின்று அதேபோல் வைத்தாள்.

கடைசிப் பிள்ளையும் வெளியே போய் இரும்புக் கதவு சாத்தப்பட்டதும், அம்மாக்கள் எல்லோரும் சுவரோரம் வரிசையில் நின்றார்கள். சிறைக் காவலர் தலைகளை எண்ணி முடித்து, ஒவ்வொருத்தியாகக் கொட்டடிக்குள் விட்டுப் பூட்டினார்.