பாலம் வந்தால் சொல்ல வேண்டும்

வண்டியில் அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்று சூம் மாமா கேட்டார்.

எல்லோரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் நசுங்கிக் கிடந்தது வண்டி. நம்பர் பலகையில் மட்டும் வெள்ளைப் பவுடர் அப்பியிருந்தது. சாவு விழுந்த வண்டியின் எண்ணுக்கு லாட்டரி விழும் என்று பாதி ஊர் வந்து தேய்த்துப் பார்த்திருந்தது. போனது போகட்டும், நாலு பேருக்காவது நல்லது நடக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

சோம்ஜிட் ஒரு நீலச் சட்டையை மடித்து மார்போடு வைத்திருந்தாள். செத்துப்போன அவள் புருஷன் தாவோனின் சட்டை. அரிசி ஆலை முதலாளி வீரசக்கிடம் டிரைவராக இருந்தவன்.

அன்றைக்கு வண்டியில் இருந்தது முதலாளியும் தாவோனும் மட்டும். சாலையோரம் சோளம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணை அடித்துத் தூக்கிவிட்டு வண்டி மரத்தில் மோதியது. இரண்டு பேருமே வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். முதலாளி பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தவர் சொன்னதுதான் வாக்குமூலம். தாவோன்தான் ஓட்டினான், ஓட்டும்போதே தூங்கிவிட்டான்.

டிரைவர்தானே ஓட்டியிருப்பான்? யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சோம்ஜிட்டுக்கு வந்தது. அது புது வண்டி. சாவியை முதலாளி யாரிடமும் கொடுப்பதில்லை. "டிரைவர்னு சம்பளம் வாங்கிக்கிட்டு சவாரி போறவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்டி" என்று தாவோன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் பெண்டாட்டி பேச்சு எங்கே எடுபடும்?

தப்பு ஓட்டியவன்மேல் என்றால் அவன் குடும்பத்துக்குக் காப்பீட்டு கம்பெனி கையை விரித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் செத்திருந்தால் கொடுத்தாக வேண்டும். அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். சோளக்காரியின் மகளும் இவள் மகளும் ஒரே வகுப்பு. எங்கம்மாவைக் கொன்றது உங்கப்பாதான் என்று அந்தப் பிள்ளை சொன்னதாக இந்தப் பிள்ளை வந்து சொன்னது. அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் முதலாளியே வீடு தேடி வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. கழுத்தில் தாயத்துகள் கொத்தாகத் தொங்கின.

"தினம் வர்றான், சோம்ஜிட். கட்டில் காலடியில வந்து நிக்கிறான். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான். அவனை வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடும்மா."

சரி என்றாள். நாள் குறித்தது அவள்தான். காப்பீட்டு கம்பெனிப் பெண் கடைசியாகப் படமெடுக்க வருகிற நாள். ஆவி அழைக்க, ஊர் விகாரையில் சுடலைக் காரியம் பார்க்கும் சூம் மாமாவைக் கூட்டி வந்தாள்.

"உட்கார்ந்திருந்த இடத்துலேர்ந்துதான் கூப்பிடணும்," என்றார் சூம் மாமா. "மாத்திக் கூப்பிட்டா வராது. இங்கயே கிடக்கும்."

"கூட இருந்தது நீங்கதானே, முதலாளி," என்றாள் சோம்ஜிட். "நீங்களே வச்சிடுங்க."

ஒற்றை ஊதுபத்தியையும் ஒரு பிடி ஒட்டரிசிச் சோற்றையும் அவர் கையில் கொடுத்தாள்.

முதலாளி கம்பெனிப் பெண்ணைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரரைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங் இருந்த வலப்பக்கக் கதவை நோக்கி ஓரடி வைத்தார்.

நின்றார். ஊதுபத்திச் சாம்பல் அவர் விரல்மேல் விழுந்தது.

வண்டியின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மெல்ல இடப்பக்கம் போனார். மண்டியிட்டார். கிழிந்த இருக்கையில் சோற்றை வைத்தார்.

"இறங்கிக்கடா, தாவோன். நீ பாட்டுக்குத் தூங்கிட்டுத்தானே வந்தே. உன்மேல ஒரு தப்பும் இல்லடா. வீட்டுக்குப் போ."

கம்பெனிப் பெண் செல்போனைத் தாழ்த்தினாள். போலீஸ்காரர் காப்பியைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தார்.

"ஸ்டியரிங் அந்தப் பக்கமில்ல இருக்கு, ஐயா," என்றார் மெதுவாக.

முதலாளி தலையாட்டினார். போலீஸ்காரர்தான் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்.

சோம்ஜிட் அப்போதுதான் அழுதாள். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

கிளம்பும்போது உள்பெஞ்சிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"பாலம் வந்தா அவன்கிட்ட சொல்லிடும்மா. சொல்லலைன்னா கடக்க மாட்டான்."

"சொல்றேன், முதலாளி."

பிக்கப் வண்டி ஊர் எல்லைப் பாலத்தை நெருங்கியபோது சூம் மாமா வேகத்தைக் குறைத்தார். ஆவியை அழைத்துப் போகிறவர்கள் அங்கே சத்தமாகச் சொல்ல வேண்டும், பாலம் வருது, கூடவே வா என்று.

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

விபத்து நடந்த மறுநாளே மரத்தடியில் அவன் கிடந்த இடத்துக்குப் போய், இதே சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இதே பாலத்தில் சொல்லித்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்று அன்றைக்குச் சூம் மாமா கேட்கவே இல்லை.

முதலாளியின் கட்டில் காலடியில் தினம் வந்து நின்றது யார் என்று சோம்ஜிட்டுக்குத் தெரியாது. தாவோன் இல்லை.