அம்மாக்கள் மட்டும்

"வர்ஷா, ஆபீஸ் நேரத்துல சமையல் பிளானா போட்டுட்டு இருக்கீங்க?" என்று கேட்டார் மேலாளர் கிருபாகரன்.

அம்பத்தூர் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வேலை போய்விடுமோ என்று வர்ஷா பயந்தாள்.

"சாரி சார். எங்க அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்ல வாரா வாரம் போடுவேன். விலை கம்மியான காயா பார்த்துப் போட்டா, எல்லார் பட்ஜெட்டுக்கும் அடங்கும்."

"அதுக்குன்னு? செவ்வாய் சுரைக்காய்க் கூட்டு, புதன் முட்டைக்குழம்பு, வியாழன் வத்தக்குழம்புன்னு வேலை நேரத்துலயா?"

வர்ஷா நிமிர்ந்தாள்.

"சார், இந்த லிஸ்ட்டை நான் குரூப்ல மட்டும்தான் போட்டேன். உங்க ஒய்ஃப் குவைத்துல இருக்காங்க. அப்போ பொண்ணு பேரைப் போட்டு, 'ஆஷ்லி அம்மா'ன்னு தினமும் சந்தேகம் கேக்கிறது நீங்கதானா?"

அலுவலகம் சிரித்தது.

"வத்தக்குழம்புக்கு எலுமிச்சம்பழ அளவு புளி போதும் சார்" என்றாள்.

கிருபாகரன் தன் அறைக்குப் போனார்.