ஆறாவது சேனல்

நேரலை வினாடி வினா தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் காட்சியை மாற்றுவதும் ஒலியைப் பார்த்துக்கொள்வதும் ஒரே ஆள்தான், ஆபரேட்டர். முதல் பரிசு ஒரு வீடு. போட்டியாளர், அவருடைய மச்சினன். அந்த உறவு நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

"ஒரே ஒரு வாரம் தங்கிக்கிறேன் மாமா" என்று வந்தவன். அந்த வாரம் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்கென்று ஒரு வீடு அமையாதவரை தன் சோஃபாவில் தனக்கு இடமில்லை என்பது ஆபரேட்டருக்குப் புரிந்துவிட்டது.

திரையில் போடவேண்டிய விடைகள் முன்கூட்டியே அவர் கைக்குத்தான் வரும். மச்சினன் காதுக்குள் கடுகளவு இயர்பீஸ். தன் மைக்கை, எந்த ஒலி எங்கே போகவேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சர் பலகையின் ஆறாவது சேனலில் செருகி, அது இயர்பீஸுக்கு மட்டும் போகும்படி பட்டனை அழுத்தினார். ஹெட்ஃபோனில் ஆறாவது சேனலை மட்டும் வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்றார். கணீரென்று கேட்டது. முணுமுணுப்பு எதிரொலிக்கக் கூடாதென்று அறையின் ஸ்பீக்கரையும் அணைத்தார். திருட்டிலும் ஒரு தொழில் சுத்தம் வேண்டுமல்லவா?

நிகழ்ச்சி தொடங்கியது. ஹெட்ஃபோனைத் தொகுப்பாளினியின் மைக்குக்கும் மச்சினன் மைக்குக்கும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"மூணு" என்று கிசுகிசுத்தார்.

மச்சினன் தாடையைச் சொறிந்து, "மூணு" என்றான்.

'கழுதை, நடிக்கவும் செய்யுதே!'

ஐந்தாவது கேள்வியில் தயாரிப்பாளர் எட்டிப் பார்த்தார். "யார்கிட்டப்பா பேசிட்டிருக்கே?"

"வேண்டிக்கிறேன் சார். நல்லபடியா முடியணுமே."

பத்துக் கேள்வி, பத்தும் சரி. தொகுப்பாளினி சாவியை நீட்ட, ஆபரேட்டருக்குக் கண் கலங்கியது.

நேரலை முடிந்ததும் மச்சினன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்ன மாமா, இப்படிக் கவுத்திட்டீங்களே! ஒரு பதில்கூட சொல்லலையே?"

"டேய், பத்தும் நான் சொன்னதுடா!"

"காதுல ஒரு சத்தமும் வரலை மாமா. நல்லவேளை, எல்லாமே எனக்குத் தெரிஞ்சது. வேலைவெட்டி இல்லாதவன் வேற என்ன பண்ணுவான், படிச்சுக்கிட்டே இருந்தேன்."

ஆபரேட்டர் ஸ்விட்சரைக் குனிந்து பார்த்தார். ஹெட்ஃபோன், குரல் வருகிறதா என்றுதான் சொல்லும். எங்கே போகிறது என்று சொல்லாது. அவர் அழுத்தியிருந்தது பக்கத்துப் பட்டன்.

சத்தத்தை அணைத்து வைத்திருந்த செல்போனை எடுத்துப் பார்த்தார். மனைவியிடமிருந்து மட்டும் நாற்பத்து மூன்று அழைப்புகள். நாற்பத்து நான்காவது வந்தது.

"ஏங்க, ஒவ்வொரு கேள்விக்கும் அவனுக்கு முன்னாடி நீங்க எதுக்குங்க பதில் சொல்றீங்க? டிவில ஊரே கேட்டுச்சு!"

அன்றைக்கு அவர் குரலைக் கேட்காத ஒரே போட்டியாளன், மோசடிக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டுத் திரும்பி வந்து சோஃபாவில் படுத்துக்கொண்டான்.