ஒரு ரிவிட் அரைக் கடலை

அணிலின் தகரப் பெட்டியில் மூடி கழன்றுவிட்டது. மழைக்காலத்துக்கென்று சேர்த்த ஐம்பது கடலையும் அதற்குள்தான் இருந்தன. பெட்டியை இழுத்துக்கொண்டு அணில் மரங்கொத்தியின் பட்டறைக்குப் போனது.

“மூடிக்கு நாலு ரிவிட் அடிக்கணும் அண்ணே. எவ்வளவு?”

“இருபது கடலை.”

“ஒரு ரிவிட்டுக்கு அஞ்சு கடலையா? பகல் கொள்ளையா இருக்கே!”

“அடிக்கிறது ரெண்டு நிமிஷம்தான் தங்கச்சி. அதுக்கு முன்னாடி மிஷின்ல அச்சு மாத்தணும், அளவு வைக்கணும், வேற தகரத்துல அடிச்சுப் பார்க்கணும். அதுக்கே அரை நாள் போயிடும். நாலு அடிச்சாலும் அதே பாடுதான், நூறு அடிச்சாலும் அதே பாடுதான்.”

அணிலின் வால் நிமிர்ந்தது. “அப்போ நூறு அடிச்சா எவ்வளவு?”

“ஐம்பது.”

அணில் விரல்விட்டுக் கணக்குப் போட்டது. “ஒண்ணுக்கு அரைக் கடலைதானே! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நூறு அடிங்க.”

“உன் மூடிக்கு நாலு போதுமே?”

“எனக்குக் கணக்குத் தெரியும் அண்ணே.”

சாயங்காலம் உடம்பெல்லாம் ரிவிட் மின்னும் பெட்டியை அணில் மூச்சுவாங்க இழுத்து வந்தது. வழியில் காகம் அதைத் தட்டிப் பார்த்தது.

“என்ன கெட்டி! யானை மிதிச்சாலும் உள்ளே இருக்கிற கடலைக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஒரு ரிவிட் அரைக் கடலைதான், தெரியுமா?” என்றது அணில்.

அப்போது மழை பிடித்தது. காலிப் பெட்டி டங் டங்கென்று நன்றாகவே சத்தம் போட்டது.