ஆளுக்கு ஒரு பாட்டில்

“சீல் உடையல சார், நல்லாப் பாத்துக்குங்க” என்று ஆபேல் ஒயின் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினார். துறைமுகத்துச் சோதனைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்தைச் சுற்றியிருந்த தங்கநிறத் தாளைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஜோசலின் முகத்தைக் கப்பல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் ஜெனி எடுத்துக்கொடுத்த மூன்று நாள் கப்பல் பயணம் இது. டிக்கெட் வந்த அன்று ஜோசலின் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தான் போட்ட ஒயினில் ஒரு பாட்டில் கொண்டுபோகலாமா?

ஜெனி கப்பல்காரர்களின் விதிமுறையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டுபோகலாம். ஆனால் கடையில் வாங்கிய, சீல் உடையாத பாட்டிலாக இருக்க வேண்டும். வீட்டில் போட்டதை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

ஜோசலினின் ஒயினுக்கு மாடம்பாக்கத்தில் ஒரு பேர் உண்டு. அக்டோபரிலேயே கறுப்புத் திராட்சையை ஜாடியில் போட்டு வாயைக் கட்டிவிடுவாள். கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டுக் கேக் வராவிட்டால்கூட அக்கம்பக்கத்தில் பொறுத்துக்கொள்வார்கள், ஒயின் வராவிட்டால் பொங்கல்வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பாஸ்டர் அம்மாவே காலி பாட்டிலைக் கழுவி முன்கூட்டியே கொடுத்தனுப்புவார்.

ஒரே ஓர் ஆளிடம்தான் அந்தப் பேர் எடுபடவில்லை. முப்பது வருஷமாக ஆபேல் ஒரு டம்ளரைக் காலி செய்துவிட்டு எழுந்துபோவார். எப்படி இருக்கு என்று கேட்டால், “அதான் குடிச்சிட்டேனே” என்பார்.

அந்த மனுஷன்தான் போன வாரம் ஊரப்பாக்கத்தில் நண்பர் சம்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய், சாயங்காலம் ஒரு வெளிநாட்டு ஒயின் பாட்டிலோடு வந்து இறங்கினார். சம்பத் பெரிய ஹோட்டலில் பார் பொறுப்பில் இருப்பவர். இது எதுக்கு என்று ஜோசலின் கேட்டதற்கு, “கல்யாண நாளுக்கு” என்றார், அவ்வளவுதான். அவளுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

காரில் வரும்போதும் பாட்டில் அவர் மடியில்தான். குரோம்பேட்டை சிக்னலில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டபோது, முன்சீட்டில் முட்டிக்கொண்டவளை விட்டுவிட்டுப் பாட்டிலைத்தான் பிடித்தார்.

சோதனைக்காரர் ஒருவழியாகத் தலையாட்டி, பாட்டிலின் கழுத்தில் அறை எண் எழுதிய சீட்டைக் கட்டினார். ஆபேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்ததா? தக்கையைத் திருகி எடுக்கும் கருவியைக் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாதாம், அதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறைப் பணியாளர் பாரில் கேட்கச் சொன்னார். பாரில் இருந்தவர், சாப்பாட்டுக் கூடத்தில்தான் திறந்து தருவோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். ஆபேல் முகம் சுளிக்காமல் மூன்று தளம் ஏறி இறங்கினார். முழங்கால் வலியோடு பின்னாலேயே நடந்த ஜோசலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் மண்ணெண்ணெய்க்கு வரிசையில நின்னப்போ இவ்வளவு அலைஞ்சதில்ல” என்றாள். ஆபேல் காதில் வாங்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடல் சிவந்துகொண்டிருந்தது. பரிமாறுபவர் தக்கையை எடுத்துவிட்டுப் பாட்டிலைச் சட்டென்று சாய்த்ததும் ஆபேல் பதறிப்போனார். “மெதுவா தம்பி, ஆட்டாதீங்க. அடியில கசடு இருக்கும், கலங்கிடும்.”

வீட்டில் ஜாடியை ஓரமாக நகர்த்திக் கொடுங்கள் என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் ஆளுக்கு, யாரோ ஊர் பேர் தெரியாதவன் போட்ட சரக்கில் இவ்வளவு கரிசனம். ஜோசலின் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

ருசி பார்க்க ஆபேலிடம் நீட்டிய கிளாஸை அவர் அவள் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்றாள். ஒரு வாய், எனக்காக என்றார். கல்யாண நாளும் அதுவுமாக எதற்கு வம்பு என்று எடுத்துக் குடித்தாள். குடித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. குறை சொல்ல இவ்வளவு இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

“திராட்சை சரியாப் பழுக்கல. சர்க்கரையைக் கொட்டி மறைச்சிருக்கான். போதாததுக்கு ஒரு காறல் வேற, தொண்டையிலேயே நிக்குது. இதுக்குத்தான் மூணு மாடி ஏறி இறங்கினீங்களா?”

பரிமாறுபவர் ஊற்றிவைத்த தன் கிளாஸை ஆபேல் நிதானமாகக் காலி செய்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்தேயிராத ஒன்றைச் செய்தார். பாட்டிலை எடுத்துத் தானே இரண்டாவது கிளாஸ் ஊற்றிக்கொண்டார்.

ஜோசலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதையும் மறந்து குரலை உயர்த்தினாள். “இந்தக் கழுநீரை ரெண்டாந்தரம் ஊத்திக் குடிக்கிறீங்க. முப்பது வருஷத்துல என் ஒயினுக்கு ஒரு தடவையாவது இப்படிக் கை நீட்டியிருக்கீங்களா?”

பரிமாறுபவர் தள்ளிப் போகும்வரை ஆபேல் காத்திருந்தார். மேஜைமேல் குனிந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா பேசு ஜோசி. பாட்டில் மட்டும்தான் கடைச்சரக்கு, சீல் சம்பத் போட்டது, உள்ள இருக்கிறது நீ போட்டது.”